எட்டாம் பாட்டில் ஓர் இருமல்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரரின் கொடி பறந்த நாட்களில், அக்கோட்டைக்கு வடக்கே ஏரியை ஒட்டிய மீனவக் குப்பம் ஒன்றில் கோதண்டம் வாத்தியார் பள்ளி நடத்தி வந்தார். பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகை; தரையெல்லாம் சலித்துப் பரப்பிய மணல்; நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு கயிறு. பாடம் ஒப்பிக்கத் தவறிய பிள்ளை அந்தக் கயிற்றை இரு கையாலும் பற்றி, கால் தரையில் பாவாமல் தொங்க வேண்டும். அத்தண்டனைக்கு அந்நாளைப் பள்ளிகளில் கோதண்டம் என்றே பெயர். பெற்றோர் தமக்கு இட்ட பெயரும் பிள்ளைகள் அஞ்சும் கயிற்றின் பெயரும் ஒன்றாய் அமைந்ததில் வாத்தியாருக்கு உள்ளூர ஒரு நிறைவு உண்டு.

காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டுவார்கள். ஒவ்வொரு கையையும் அவர் முகர்ந்து பார்ப்பார். நண்டின் வாடையோ இறாலின் வாடையோ வந்தால், மணலை அள்ளித் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொல்வார். நண்டும் இறாலும் கையால் தடவிப் பிடித்தே உலை ஏற்றும் ஊரில் அந்த வாடை இல்லாத கை எங்கிருந்து வரும் என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. கேட்பதற்கு அஞ்சினார்கள். கோட்டையின் துணிக்கிடங்கில் ஒரு கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தால் மகன் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்க வேண்டியதில்லை. அதற்கு எழுத்து வேண்டும். எழுத்துக்கு அந்த வட்டாரத்தில் கோதண்டம் ஒருவரே இருந்தார்.

கையை முகர்ந்து முடித்ததும் பதிகம். வாத்தியார் பிறந்த ஊர் காஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூர். அவ்வூர் ஈசன்மேல் பாடப்பட்ட பத்துப் பாட்டு அது. அவர் ஓரடி சொல்ல, பிள்ளைகள் ஓரடி சொல்ல, ஏழு பாட்டு வரை ஏரியில் காற்று ஓடுவதுபோல் தடையின்றி ஓடும். ஏழாம் பாட்டு முடிந்ததும் வாத்தியார் இருமுவார். இருமல் அடங்கும் முன்பே எவனோ ஒருவன் தலையைச் சொறிந்தது, எவனோ ஒருவன் ஏரியைத் திரும்பிப் பார்த்தது அவர் கண்ணில் படும். அவன் கையில் பிரம்பு இறங்கும். அழுகை ஓய்ந்ததும் ஒன்பதாம் பாட்டு தொடங்கும்.

எட்டாம் பாட்டு அவருக்குத் தெரியாது. இளமையில் மனத்தில் பதிந்த பத்தில் அது ஒன்று மட்டும் எப்போதோ நழுவிப் போயிற்று. தெரியாது என்று சொல்வதற்கு முதல் நாள் கூசினார், மறுநாள் அடித்தார், அதன்பின் அதுவே முறையாயிற்று. பத்துப் பாட்டு என்று பெயர் சொன்னாலும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இறைவன் புகழை எண்ணிக்கொண்டிருப்பது அன்புடையோர் செயலன்று என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஊரில் இப்போது வலை இழுக்கும் ஆடவர் பலரும் அவரிடம் படித்தவர்களே. எழுத்தை மறந்தவர்கள் பதிகத்தை மறக்கவில்லை. வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுக்கு மாற்றாக அதையே பாடுவார்கள். ஏழாம் பாட்டு முடியும் இடத்தில் அத்தனை பேரும் ஒன்றாகத் தோளைக் குறுக்கி, கையை வெடுக்கென்று உடம்போடு இழுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வெடுக்கில் வலை கரைக்குச் சேர்ந்துவிடும். அது வலையிழுப்பின் நுணுக்கம் என்றே அவர்கள் எண்ணினார்கள்.

இதை முதலில் கண்டவன் நாகப்பன்.

நாகப்பன் பகல் வேடக்காரன். சூளூர்ப்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கன். தன் தம்பி, தம்பி மனைவி, ஒரு மத்தளம், ஒரு மூட்டை ஆகியவற்றோடு தோணியில் வந்து இறங்கினான். இராக்காலக் கூத்துப்போல் பந்தமும் மேடையும் அவர்களுக்கு வேண்டியதில்லை. பட்டப்பகலில், நாளுக்கு ஒரு வேடமாகக் கட்டி, தெருவில் நடந்து வருவார்கள். முதல் நாள் பாதி உமையும் பாதி சிவனுமாக வந்தான். கிழவிகள் விழுந்து வணங்கினார்கள். அடுத்த நாள் கோட்டையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக வந்தான். உலாந்தாக்காரர் மொழியாகத் தோன்றிய ஏதோ ஒன்றை மூக்கால் பேசி, யாரும் கேளாத கேள்விக்குத் தலையாட்டினான். துபாஷியே வாய்விட்டுச் சிரித்தார்.

இவ்வேடக்காரருக்கும் ஏரிக்கரை ஊர்களுக்கும் இடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் வாழும் ஒருவரைப் போல் வேடம் கட்டினால், வேடம் கலைத்த கடைசி நாளில் அந்த ஆளின் முன் வெறும் முகத்தோடு வந்து நிற்க வேண்டும். கட்டியது மெய் என்று கண்டால் அவர் தம் மேல்துணியை எடுத்து வேடக்காரன் தோளில் போடுவார். பொய் என்று கண்டால் துணி மறுப்பார். மறுத்துவிட்டால் வேடக்காரன் இல்லாததைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தியவன் ஆகிறான்; ஊர் அவனுக்கு ஒரு பிடி அரிசியும் தராது; அக்கரை இக்கரை எந்தக் குப்பமும் அந்த ஆண்டு அவனை ஏற்றுக்கொள்ளாது. துபாஷி கடைசி நாள்வரை காத்திராமல் அன்றே தம் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நாகப்பன் வேடம் கட்டாத வேளையில் ஊரைப் பார்த்துக்கொண்டே திரிந்தான். வலை இழுப்பவர்களின் வெடுக்கைப் பார்த்தான். ஏன் என்று கேட்டான், எவருக்கும் தெரியவில்லை. பாட்டு எங்கே கற்றீர்கள் என்று கேட்டான், பள்ளியைக் காட்டினார்கள். மறுநாள் காலையில் கொட்டகைக்கு வெளியே, கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்து, பதிகம் தொடங்கியது முதல் பிரம்பு விழுந்தது வரை கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். பிறகு மூட்டையை அவிழ்த்தான்.

அன்று வாத்தியார் வேடம் என்று மத்தளம் கொட்டிச் சொல்லியிருந்ததால் வலை உலர்த்தும் மணல் திடலில் ஊர் கூடியிருந்தது. வாத்தியார் முன்வரிசையில் ஒரு பலகையில் அமர்ந்திருந்தார். கோட்டையின் துபாஷிக்கு அடுத்தபடி தம்மை வேடம் கட்டுவது முறைதான் என்று அவருக்குத் தோன்றியது. பனைமரங்களின் பின்னாலிருந்து நாகப்பன் வந்தான்.

முதல் அடியிலேயே திடல் சிரித்தது. வேட்டியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்து, ஈரமணல் படாமல் கொக்குப்போல் கால்மாற்றி வைக்கும் அந்த நடை தம்முடையது என்று வாத்தியாருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறர் சிரித்ததைக் கண்டே அறிந்தார். நாகப்பன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைகளை முகர்ந்தான். ஒரு கையை முகர்ந்து முகம் சுளித்தான். மற்றொன்றை முகர்ந்து மூக்கைப் பிடித்தான். மூன்றாவதை முகர்ந்ததும் கண்கள் தாமே மூடிக்கொள்ள, இன்னொரு முறை முகர்ந்து, எவரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தான். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வாத்தியாரும் இதுவரை புன்னகையோடுதான் இருந்தார்.

பிறகு பதிகம். தெலுங்கு நாவுக்குத் தமிழ்ப்பாட்டு பிடிபடவில்லை. சொல்லை விட்டுவிட்டு இசையை மட்டும் முனகினான். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விரலை மடக்கினான். ஏழு விரல் மடங்கியது. இருமினான்.

அந்த இருமலைக் கேட்டதும் திடலில் நின்ற ஆடவர் அத்தனை பேரும் தோளைக் குறுக்கிக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

இழுத்துக்கொண்ட பின்புதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நரைத்த மீசைக்காரனும் நேற்று மணமானவனும் ஒரே போல் கையை மார்போடு அணைத்து நின்றார்கள். நாகப்பன் எட்டாம் விரலைத் தூக்கிக் காட்டினான். அதை உற்றுப் பார்த்தான். காதருகே கொண்டுபோய் ஆட்டினான். உள்ளே ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினான். பிறகு கண்ணை உருட்டிப் பிரம்பை ஓங்கினான். அடிக்க ஆள் தேடி நாலா பக்கமும் சுற்றினான். முடிவில் தன் கையிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டு, ஓடிப்போய் ஒரு தோணியின் பாய்மரக் கயிற்றைப் பிடித்துப் பிள்ளைபோல் தொங்கினான். தொங்கியபடியே ஒன்பதாம் பாட்டை முனகினான்.

திடல் அதிர்ந்தது. பிடித்ததைப் போடும் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே ஏரியிலிருந்து வந்திருந்த குப்பம்மா, கையால் இறால் பிடிப்பதில் அந்தக் கரையில் பேர்பெற்றவள், ஊர்த் தலைவரான நாட்டாரை நோக்கிக் கூட்டத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

“நாட்டாரே, ஒரு ஊருக்கு இன்னாத்துக்கு ரெண்டு வாத்தியாரு? இவரையே வெச்சுக்கலாம். இவரு தொங்குனா நம்ம புள்ளைங்க தொங்க வாணாம்.”

வாத்தியார் குப்பம்மாவைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நின்ற தம் மனைவி ரங்கம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்து, பொத்தமுடியாமல் விட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. இத்தனை ஆண்டு இல்லறத்தில் அந்தச் சிரிப்பை அவர் கண்டதில்லை. தம் வீட்டுக் கிணற்றில் தாம் இறைக்கும்போதெல்லாம் உவர்த்த நீர், வழிப்போக்கன் ஒருவன் இறைத்ததும் தித்திக்கக் கண்டவர்போல் இருந்தார்.

மானம் போயிற்றே என்ற எண்ணம் அவருக்குப் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

அன்று பிற்பகல் நாட்டார் பொன்னுரங்கம் கொட்டகைக்கு வந்தார். ஊர்க்காரியங்களைத் தீர்ப்பவர் அவர். குரல் உயர்த்திப் பேசும் வழக்கம் இல்லாதவர். ஊர் கலங்கிக் கிடக்கிறது என்றார். நாகப்பன் கட்டிய வேடம் மெய்யானால், தமக்குத் தெரியாத பாட்டை மறைக்கப் பிள்ளைகளை அடித்தவரிடம் பள்ளியை விட்டுவைக்க முடியாது என்று பெற்றவர்கள் சொல்வதாகச் சொன்னார். பொய்யானால் ஒரு தொல்லையும் இல்லை. துணி மறுத்துவிட்டால் போதும். அன்றைக்கே வேடக்காரர்களைத் தோணியேற்றி அனுப்பிவிடலாம். போகும்போது வாத்தியாரின் முகத்தைப் பாராமல், ஒரே ஒரு வார்த்தைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பது வாத்தியாருக்கு விளங்கியது.

கொட்டகையை அடுத்திருந்த வீட்டுக்கு வந்து மனைவியிடம், அந்தத் தெலுங்கன் இட்டுக்கட்டிவிட்டான் என்றார். ரங்கம்மாள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க இருமுற நேரத்துக்குத்தான் நான் தெனமும் உலையில அரிசி போடறேன்” என்றாள். “கோட்டையில அடிக்கிற மணி காத்து மாறினா கேக்காது. உங்க இருமல் ஒரு நாளும் தப்புனதில்ல.”

“தெரிந்துமா சிரித்தாய்?”

“தெரிஞ்சதனாலதான் சிரிப்பு வந்துச்சு.”

அந்த மறுமொழியில் குற்றச்சாட்டு இல்லாதது அவரை மேலும் வருத்தியது. அவள் தம்மீது சினந்திருந்தால் பொறுத்திருப்பார். தம் குறையை ஆண்டாண்டாக அறிந்து, அதைக்கொண்டு சோறு வடித்து, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தவள், அதே குறையை வேறொருவன் தோளில் கண்டபோது அப்படி மலர்ந்தாளே என்பதுதான் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அதன்பின் வந்த நாட்களில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் குறைந்தார்கள். வந்தவர்களும் ஏழாம் பாட்டு நெருங்க நெருங்க நிமிர்ந்து உட்கார்ந்து, கண்கள் பளிச்சிட அவர் வாயையே பார்த்தார்கள். அவரால் இருமவும் முடியவில்லை. பிரம்பைத் தொடவும் முடியவில்லை. ஆறாம் பாட்டோடு நிறுத்தி, கணக்குக்குப் போங்கள் என்றார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரே ஓட்டமாக ஏரிக்கரைக்கு ஓடினார்கள்.

அவர் தாழைப் புதரின் பின்னால் நின்று பார்த்தார். வேடம் கட்டாமலே நாகப்பன் அங்கே வாத்தியாராய் இருந்தான். பிள்ளைகள் அவனிடம் தாமாகவே கையை நீட்டினார்கள்; முகரச் சொல்லிச் சண்டையிட்டார்கள். நண்டு பிடித்த கையை வேண்டுமென்றே கழுவாமல் கொண்டுவந்தார்கள். அவன் முகர்ந்து, மயங்கி விழுந்து, எழுந்து, கடிக்க வருவதுபோல் வந்தான். அவர்கள் கூவிக்கொண்டு சிதறி, மீண்டும் வரிசையில் வந்து நின்றார்கள். எந்தப் பிரம்பும் இல்லாமல் வரிசை நேராக நின்றது.

ஊரார் அவன் தம் வீட்டு வாசலைக் கடக்கும்போது, வாத்தியாரே கஞ்சி குடித்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தார்கள். அந்த அழைப்பில் அவர் ஒருநாளும் கேட்டறியாத ஒரு குழைவு இருந்தது. தம் நடை, தம் கை, தம் மூக்கு, தம் மறதி. இவை அத்தனையும் தம்மிடம் இருந்தவரை எவர்க்கும் வேண்டாதவையாக இருந்தன. வேறொருவன் எடுத்து உடுத்ததும் ஊர் முழுதும் அவற்றைக் கட்டித் தழுவுகிறது. தாம் இல்லாத தம்மை அவர்கள் விரும்புகிறார்கள் என்று நினைத்தார். அவன் கோபத்தைக்கூட விரும்புகிறார்கள்.

ஒரு நண்பகலில், வெறுமையாய்க் கிடந்த கொட்டகையில், அவர் வேட்டியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தார். நாகப்பனின் நடையில் இருந்த துள்ளல் வரவில்லை. இன்னும் சற்று முழங்காலை உயர்த்தினார். கொக்கு வரவில்லை; கால்வலிக்காரர் ஒருவர்தான் வந்தார். தம்முடைய நடையையே தம்மால் அவனளவு நடக்க முடியவில்லை என்று கண்டபோது அவருக்கு அழுகை வந்தது. மணலில் உட்கார்ந்து ஏழாம் பாட்டை மெல்லச் சொல்லி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எட்டாம் பாட்டுக்குள் போய்விடலாம் என்று முயன்றார். ஈசனே ஒரு சொல் தந்தால் போதும் என்று வேண்டினார். சொல் வரவில்லை. வந்ததெல்லாம் இருமல்.

அந்தப் பொழுதே முடிவு செய்துகொண்டார். துணி தருவதில்லை. அவன் வெறுங்கையோடு தோணியேறட்டும். அதன்பின் ஊர் சிரித்ததை மறக்கும், ரங்கம்மாளும் மறப்பாள்.

கடைசி நாள் வந்தது. திடலில் நாகப்பன் அரிதாரம் இல்லாமல், தலைப்பாகை இல்லாமல், கை கட்டி நின்றான். வெறும் முகத்தில் அவன் சற்று வயதானவனாகவும் மிகச் சாதாரணமானவனாகவும் இருந்தான். அவன் தம்பி மனைவி மூட்டையை முடிந்து தலையில் தயாராக வைத்திருந்தாள். துணி கிடைத்தால் இறக்கி வைக்கவும், கிடைக்காவிட்டால் தூக்கிக்கொண்டு நடக்கவும். வாத்தியார் பலகையிலிருந்து எழுந்தார். தோளில் மேல்துணி இருந்தது.

“சாமி, நான் பாத்ததைத்தான் கட்டினேன்” என்றான் நாகப்பன். “பாக்காததைக் கட்டினா எங்க நைனா என் கையை ஒடிச்சிருப்பாரு. தப்பிருந்தா சொல்லுங்க.”

நாட்டார் பொன்னுரங்கம் முறைப்படி கேட்டார். வேடம் மெய்யா, பொய்யா என்று. வாத்தியார் வாயைத் திறந்தார். பொய் என்ற சொல் நாவின் நுனியில் இருந்தது.

அதற்குள் குப்பம்மா முந்திக்கொண்டாள்.

“பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுது நாட்டாரே. நம்ம வாத்தியாரு ஏழு சென்மம் எடுத்தாலும் அவன் மாதிரி இரும மாட்டாரு. அவனாண்ட போயி கத்துக்கினு வரச் சொல்லு.”

கூட்டம் சிரித்தது. சிரிப்பின் நடுவே ரங்கம்மாளின் முகத்தில் ஒரு கீற்று ஒளி வந்து போனதை வாத்தியார் கண்டார். நாகப்பன் தலை கவிழ்ந்து நின்றான்; ஆனால் உதட்டோரத்தில் ஒரு பெருமை துடித்தது. தொழிலில் வல்லவன், அவ்வல்லமையைப் பிறர் சொல்லக் கேட்டபோது மறைக்க முடியாத பெருமை. அந்தத் துடிப்பை வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

“அவன் இருமியது தவறு” என்றார்.

தவறு என்றால் பொய்தானே என்று நாட்டார் நிம்மதியோடு கேட்டார். அவர் கேட்டதை வாத்தியார் செவிமடுக்கவில்லை. நாகப்பனை நோக்கி இரண்டடி வைத்தார்.

“ஏழாம் பாட்டு முடிந்தபின் நீ இருமினாய். பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கு இருமல் அங்கே தொடங்குவதில்லை. ஐந்தாம் பாட்டிலேயே தொண்டை வறளும். ஆறாம் பாட்டில் கண் அலையத் தொடங்கும். நீ பாட்டு முடிந்தபின் ஆள் தேடினாய். நான் ஆறாம் பாட்டிலேயே தேடிவிடுவேன். ஏழாம் பாட்டு பாடும்போது எவனை அடிப்பது என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அவன் அப்போது நன்றாகப் பாடிக்கொண்டிருப்பான். அதை நீ கட்டவில்லை.”

வாத்தியார் அவர்களுக்குக் காட்டினார். திடலின் நடுவில் நின்று முதல் பாட்டிலிருந்து பாடினார். அவர் குரல் உண்மையிலேயே நல்ல குரல். ஐந்தாம் பாட்டில் எச்சில் விழுங்கினார். ஆறாம் பாட்டில் கண்கள் கூட்டத்தின்மேல் ஒவ்வொரு முகமாகத் தடவிச் சென்றன. அந்தப் பார்வை தம்மேல் பட்டதும் வளர்ந்த ஆடவர்கள் கண்ணைத் தாழ்த்தினார்கள். ஏழாம் பாட்டு தொடங்கும் முன்பே பார்வை ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பாட்டு முடிந்தது. இருமல் வந்தது. கை உயர்ந்தது. கையில் பிரம்பு இல்லை. உயர்ந்த கை அப்படியே நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாகப்பனைவிட நன்றாகச் செய்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றி, அந்தக் கணமே தாம் செய்தது என்ன என்பதும் அவருக்கு விளங்கியது. ரங்கம்மாளைத் தேடினார். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அவனுக்குக் கிடைத்த சிரிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அப்போதும் அதுதான் சுட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பம்மா முன்னே வந்தாள். அவள் முகத்தில் இப்போது கேலி இல்லை.

“எம் புள்ள கை வீங்கி, தை மாசம் பூரா நான் சோறு ஊட்டினேன் வாத்தியாரே. அவன் நல்லாத்தான் பாடினேன்னு அழுதான். பொய் சொல்றான்னு நானும் ஒண்ணு வெச்சேன். அது எதுக்கு? அந்தப் பாட்டுக்கா?”

“பாட்டுக்காக அன்று, தாயே” என்றார் வாத்தியார். “எனக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.”

குப்பம்மா நாட்டாரிடம் திரும்பி, கோட்டையில் கணக்கெழுதப் போகிறவனுக்கு எட்டாம் பாட்டு எதற்கு என்று கேட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இம்மாம் வருசம் ஆன மனுசனை வெச்சுக்கினு இன்னா பண்றது என்று தானே அலுத்துக்கொண்டாள். வேறு எழுத்துக்காரன் எளாவூர் வரை போனாலும் கிடைக்கமாட்டான் என்று அவளே மறுமொழியும் சொன்னாள். பெற்றவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். சிலர் போகட்டும் என்றார்கள்; சிலர் இருக்கட்டும் என்றார்கள். தோளைக் குறுக்கிப் பழகிய ஒரு வலைக்காரன், பிரம்பை வாங்கி ஏரியில் எறிந்தால் தான் சம்மதிப்பதாகச் சொன்னான்.

கடைசியில் பொன்னுரங்கம் தீர்ப்புச் சொன்னார்.

“பள்ளிக்கூடம் உங்ககிட்டயே இருக்கட்டும் வாத்தியாரே. பெரம்பும் கயிறும் இன்னிக்கே ஊருக்கு வந்துடணும். இன்னொரு தரம் ஒரு புள்ள மேல கை பட்டா, கேக்க மாட்டேன், தோணி ஏத்திடுவேன்.”

வாத்தியார் தலையசைத்தார். பிறகு மேல்துணியை எடுத்து நாகப்பன் தோளில் போட்டார். மெய் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதற்கு அதுவே அடையாளம். நாகப்பன் குனிந்து அவர் காலைத் தொட்டு எழுந்தான். அவன் தம்பி மனைவி மூட்டையை இறக்கி வைத்து, அரிசி வாங்குவதற்குக் கூடையை எடுத்தாள்.

நாகப்பன் உடனே போகவில்லை. அடுத்த குப்பத்திலும் வாத்தியார் வேடம் கட்ட உத்தரவு தர வேண்டும் என்று பணிவோடு கேட்டான். ஆறாம் பாட்டில் அந்தக் கண் அலைவதைச் சேர்த்துக்கொண்டால் வேடம் இன்னும் கனக்கும் என்றான். கேட்கும்போதே அவன் கண்கள் மெல்ல ஒவ்வொரு முகமாகத் தடவிப் பழகத் தொடங்கின. அது அச்சாக அப்படியே இருந்தது.

வாத்தியாருக்கு உடல் முழுதும் எரிந்தது.

“வேண்டாம்” என்றார். “அந்த வேடத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போ. துணி தந்தேன், அரிசியும் வாங்கிக்கொள். அது என்னுடையது. வேறெங்கும் கட்டாதே.”

நாகப்பன் அவரைக் கூர்ந்து பார்த்தான். நல்ல வேடம் ஒன்றைக் கைவிட நேர்ந்த தொழில்காரனின் வருத்தம் அவன் முகத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது.

“விட்டுடறேன் சாமி. ஆனா நான் ஒரு நாள் கட்டிக் கலைச்சேன். எனக்கே உடம்பு வலி. நீங்க தெனமும் கட்டணும்.”

“கட்டுகிறேன்” என்றார் வாத்தியார்.

பகல் சாயும் முன்பே தோணி புறப்பட்டது. பிள்ளைகள் முழங்கால் நீர் வரை இறங்கி, கை நீட்டி, முகர்ந்துவிட்டுப் போ என்று கூவினார்கள். நாகப்பன் தோணியின் விளிம்பிலிருந்து மூக்கை நீட்டி நீட்டிக் காட்டினான். தோணி முகத்துவாரப் பக்கம் திரும்பி மறையும் வரை கூச்சல் ஓயவில்லை. வாத்தியார் கரையில் வெற்றுத் தோளோடு நின்றார். இவர்களில் எத்தனை பேர் நாளை கொட்டகைக்கு வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை மனத்துள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிள்ளைகள் நீரிலிருந்து ஏறி வந்தார்கள். அவரைக் கண்டதும் பழக்கத்தால் நின்றார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அவற்றில் நண்டின் வாடை இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

“நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குதா?” என்று அவர்களுள் ஒரு பெரிய பெண் கேட்டாள்.

“இருக்கிறது” என்றார். “நீங்கள் வந்தால்.”

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் தோணி போன திசையைப் பார்த்தார்கள். அவர்கள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, வாத்தியார் பொறாமையோடு, பொறுமையோடு, அவர்கள் முகம் திரும்பும் வரை கரையிலேயே நின்றார்.